இரண்டு பேட்டரி, ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

2021 ஜூலையில் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, லேப்டாப் வாங்கணும். பத்து மணி நேரம் பேட்டரி நிக்கணும். எக்ஸ்ட்ரா பேட்டரி கிடைச்சா அதையும் சேர்த்தே வாங்கிடலாம்."

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த நேரம் அது. ஜவ்வாது மலையில் சாமை விதைப்பு, அறுப்பு, அதைச் சுற்றியுள்ள சடங்கு, பாட்டு எல்லாவற்றையும் பதிவு செய்து எழுதுவது அவள் வேலை. வாரத்தில் மூன்று நான்கு நாள் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தங்குவாள். பகலில் ஊர்ப் பெரியவர்கள் பேசுவதை ரெக்கார்டரில் பிடிப்பாள். ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தட்டச்சு செய்வாள். ஊருக்குக் கரண்ட் உண்டு. ஆனால் நாலு தூறல் விழுந்தாலோ, கொஞ்சம் வேகமாகக் காற்று அடித்தாலோ போய்விடும். போனால் மறுநாள் வரும். சில நாள் அதற்கு மறுநாள்.

நான் பதினைந்து வருஷம் யுபிஎஸ் சர்வீஸில் இருந்தவன். குடும்பத்தில் யார் எந்த மின்சாதனம் வாங்கினாலும் பொறுப்பு என் தலையில் வந்து விழும். இந்த லேப்டாப் விஷயத்தில் ஒருமுறை சறுக்கினோம். மூன்று வருஷம் கழித்து இன்னொன்று வாங்கியபோது ஓரளவு சரி செய்துகொண்டோம். இரண்டு முறையும் கணக்கை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

எத்தனை மணி நேரம் என்ற கேள்வி

கடையில் போய் "எத்தனை மணி நேரம் நிற்கும்" என்று கேட்டால் கடைக்காரர் சொல்லும் பதில் எதற்கும் உதவாது. "டேங்க் நிரப்பினால் எத்தனை ஊர் போகலாம்" என்று கேட்பது போலத்தான் அது. டேங்க் எவ்வளவு பிடிக்கும், வண்டி எவ்வளவு குடிக்கும் என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். லேப்டாப்பில் டேங்கின் அளவு வாட்-ஹவர். குடிப்பது வாட். முதலாவது பேட்டரியின் முதுகிலேயே அச்சாகியிருக்கும். இரண்டாவதை நாம்தான் அளந்துகொள்ள வேண்டும்.

அவளிடம் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. பேட்டரி போய், சார்ஜர் சொருகினால் மட்டும் உயிர் வரும். அவள் செய்யப்போகும் வேலையை அதே மாதிரி அதில் செய்யச் சொன்னேன்: ஒலிக்கோப்பு ஓட வேண்டும், எழுதும் மென்பொருள் திறந்திருக்க வேண்டும், வைஃபை அணைத்திருக்க வேண்டும், திரை வெளிச்சம் பாதிக்குக் கீழே. சர்வீஸ் பையில் இருந்த வாட் மீட்டரை சுவர்ப் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவில் மாட்டி ஒரு மணி நேரம் பார்த்தோம். பழைய பிராசஸர் என்பதால் சராசரி 13 வாட் வந்தது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் புது வகைப் பிராசஸர் உள்ள 14 அங்குல லேப்டாப் இதே வேலைக்கு 7, 8 வாட்டில் நிற்கும் என்பது என் அனுபவம். 8 என்றே வைத்துக்கொண்டோம்.

பத்து மணி நேரம் என்றால் 80 வாட்-ஹவர். கரண்ட் வராத மறுநாளுக்கும் சேர்த்தால் 160. இதுதான் எங்கள் தேவை.

அந்த நேரத்தில் கடைகளில் இருந்த மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் 40 முதல் 57 வாட்-ஹவர் வரைதான் இருந்தது. எல்லாமே உள்ளே வைத்துத் திருகியவை. கூடுதல் பேட்டரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

பின்பக்கம் இரண்டு தாழ்ப்பாள் இருந்த காலம்

என் தலைமுறைக்கு லேப்டாப் என்றாலே கவிழ்த்துப் போட்டு இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளி பேட்டரியைக் கழற்றுவதுதான். தமிழக அரசு 2011 செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலும் அப்படித்தான். அடுத்த வருஷம் சென்னைக்கு வெளியே கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்தபோது, பிள்ளைகள் ஒருவர் பேட்டரியை இன்னொருவர் வாங்கிப் போட்டு ஓட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கழற்றும் வசதி ஏன் போனது? 2008-இல் ஆப்பிளின் மேக்புக் ஏர் பேட்டரியை உள்ளே வைத்து மூடி வந்தது. 2009 ஜனவரியில் 17 அங்குல மேக்புக் புரோவும் அப்படியே வந்தது. கழற்றும் பேட்டரிக்குத் தனிக் கூடு, தாழ்ப்பாள், கனெக்டர் எல்லாம் வேண்டும். அவற்றை எடுத்துவிட்டால் அந்த இடத்திலும் தட்டையான பை வடிவ செல்களை நிரப்பலாம். ஒரே தடிமனில் அதிக வாட்-ஹவர் கிடைக்கும். அது நியாயமான காரணம்தான். மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன.

2006-இல் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். சோனி தயாரித்த செல்களில் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் ஆபத்து இருந்ததால், டெல் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளையும் ஆப்பிள் 18 லட்சத்தையும் திரும்பப் பெற்றன. அன்று வாடிக்கையாளரே பேட்டரியைக் கழற்றி அனுப்பிவிட்டு, சார்ஜரை வைத்து லேப்டாப்பை ஓட்ட முடிந்தது. இன்றைய மூடிய லேப்டாப்பில் அதே கோளாறு வந்தால் மொத்த லேப்டாப்பும் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட பேட்டரிச் சட்டம், பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும் வசதி 2027 பிப்ரவரி முதல் இருக்க வேண்டும் என்கிறது. தாழ்ப்பாள் திரும்ப வருமா, நாலு திருகோடு நிற்குமா என்று பார்க்கலாம்.

நடுவில் ஒரு சமரசம் வந்தது. 2013 வாக்கில் லெனோவோ தன் திங்க்பேடு சிலவற்றில் உள்ளே சிறிய பேட்டரி ஒன்றும், வெளியே கழற்றும் பேட்டரி ஒன்றும் வைத்தது. உள்ளே இருப்பது தாங்கிப்பிடிக்கும் என்பதால், லேப்டாப்பை அணைக்காமலேயே வெளிப் பேட்டரியை உருவி வேறொன்றைச் சொருகலாம். பவர்பிரிட்ஜ் என்று அதற்குப் பெயர். டி வரிசையில் 2018-இன் டி480-உடன் அது நின்றது. அடுத்த வருஷம் வந்த டி490-இல் கழற்றும் பேட்டரி இல்லை.

டி480-இல் உள் பேட்டரி 24 வாட்-ஹவர். வெளிப் பேட்டரி 24, 48, 72 என்று மூன்று அளவில் வரும். 24-உம் 72-உம் சேர்ந்தால் 96. இன்னொரு 72 பையில் இருந்தால் 168. எங்களுக்கு வேண்டியது 160. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமாக எதுவும் இருக்க முடியாது என்று அன்று நினைத்தேன்.

இதற்கு முன் என் மனசில் வந்த யோசனையையும் சொல்லிவிடுகிறேன். யுபிஎஸ்காரன் புத்தி அது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் எஸ்எம்எஃப் பேட்டரி (யுபிஎஸ்ஸில் வரும் மூடிய ஈய பேட்டரி) ஒன்று, கூடவே சின்ன கன்வெர்ட்டர். பெருக்கினால் 84 வாட்-ஹவர் வரும். விலையும் மலிவு. ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், எடையோ இரண்டு கிலோவுக்கு மேல். "இதைத் தூக்கிட்டு மலை ஏறணுமா மாமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ரிச்சி தெருவில்

மூன்று வருஷக் குத்தகை முடிந்து ஐ.டி. கம்பெனிகளிலிருந்து கழிந்து வரும் லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவில் மாடி மாடியாக அடுக்கியிருக்கும். டி480 ஒன்றை 32,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். கொரோனாவால் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த சமயம். பழசுக்கும் விலை ஏறியிருந்தது. அதோடு வந்த வெளிப் பேட்டரி 24 மட்டும். 72 தனியாக வாங்க வேண்டும்.

கடைப் பையன் இரண்டைக் கொண்டுவந்து வைத்தான்.

"அண்ணே, இது ஒரிஜினல், வேற மிஷின்ல இருந்து எடுத்தது, 3,500. இது புதுசு, கம்பேட்டிபிள், சீல் பிரிக்கல, 2,800. ரெண்டும் 72தான்."

"பழசு ஏம்ப்பா விலை அதிகம்?"

"ஒரிஜினல்ணே."

கம்பேட்டிபிள் என்றால் வேறு யாரோ செய்தது, இதில் பொருந்தும் என்று அர்த்தம். இரண்டையும் வாங்கினோம். முதலாவதை அ என்றும் இரண்டாவதை ஆ என்றும் மார்க்கரில் எழுதி வைத்தேன். அ-வில் 2018-இல் தயாரான தேதி அச்சாகியிருந்தது. ஆ-வின் ஸ்டிக்கரில் உலகத்தில் உள்ள முத்திரையெல்லாம் இருந்தது. நம் ஊர் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவெண் மட்டும் இல்லை. லித்தியம் பேட்டரிக்கு இந்தியாவில் ஐஎஸ் 16046 தரப்படி பதிவு கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று மேலே இருக்க வேண்டும். அது இல்லாததைப் பார்த்தேன். பார்த்தும் வாங்கினேன். புதிது என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸின் கட்டளைத் திரையில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டி அறிக்கை எடுத்தோம். பேட்டரி வாங்கும் யாரும் விடக்கூடாத சோதனை இது, காசும் செலவில்லை. தயாரானபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக நிரம்பினால் இருக்கும் கொள்ளளவு, எத்தனை சைக்கிள் (முழு அளவு ஒருமுறை நிரப்பித் தீர்த்தால் ஒரு சைக்கிள்) ஓடியது என்று மூன்றையும் காட்டும். அ-வில் 72-க்கு 58 இருந்தது. மூன்று வயதுக்கு மோசமில்லை. ஆ-வில் 72-க்கு 72, சைக்கிள் பூஜ்யம். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்குச் சந்தேகம் போகவில்லை. அறிக்கையில் வரும் எண்ணைச் சொல்வது பேட்டரிக்குள் இருக்கும் சின்னச் சில்லு. உள்ளே என்ன செல் இருந்தாலும், அந்தச் சில்லில் 72 என்று எழுதி வைத்தால் அது 72 என்றுதான் சொல்லும். சில்லு பொய் சொல்கிறதா என்பதைக் கடிகாரம்தான் காட்டிக்கொடுக்கும். ஒரே வேலை, ஒரே வெளிச்சம் வைத்து ஒவ்வொன்றாக ஓடவிட்டோம். திங்க்பேடு இயல்பாகவே முதலில் வெளிப் பேட்டரியைத்தான் தீர்க்கும் என்பதால் அளப்பது எளிது. உள் பேட்டரிக்கு மாறிய நேரத்தைக் குறித்தால் போதும். 58 காட்டிய அ ஏழு மணி நேரம் ஓடியது: எட்டால் பெருக்கினால் 56. சொன்ன சொல்லைக் கிட்டத்தட்டக் காப்பாற்றியது. ஆ 35 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோதே ஒரே நொடியில் பூஜ்யத்துக்கு விழுந்தது. ஓடியது ஐந்து மணி நேரம்: 40 வாட்-ஹவர்.

மளிகைக்கடைத் தராசில் எடை போட்டும் பார்த்தோம். அதில் ஒன்றும் தெரியவில்லை. 72 வாட்-ஹவர் பேட்டரியில் ஆறு உருளை செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் 18650 என்று பெயர். நல்ல செல் 3,300 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-ஹவர்; ஆயிரம் சேர்ந்தால் ஒரு ஆம்பியர்-ஹவர்) சொச்சம். மட்டமான 2,000 எம்ஏஎச் செல்லும் அளவில் அதேதான், எடையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆறு செல், 2 ஆம்பியர்-ஹவர், 3.6 வோல்ட் என்று பெருக்கிப் பாருங்கள்: 43. கடிகாரம் சொன்ன 40-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. உடைத்துப் பார்க்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

விலையையும் அந்தக் கண்ணால் பார்த்தேன். உண்மையில் கிடைத்த வாட்-ஹவருக்கு அ-வில் ரூ. 62, ஆ-வில் ரூ. 70. மலிவு என்று வாங்கியதுதான் விலை கூடியது. கடையில் போய்ச் சொன்னோம். "கம்பேட்டிபிள்னா அப்படித்தாண்ணே" என்று சொல்லிவிட்டார்கள். மாற்றித் தரவில்லை.

மலையில்

எல்லாம் சேர்த்து கணக்குப் போட்டால் உள் பேட்டரியில் 22, அ-வில் 56, ஆ-வில் 40. மொத்தம் 118. நினைத்த 168 இல்லை என்றாலும் பதினான்கு மணி நேரத்துக்கு மேல். போதும் என்று அனுப்பிவைத்தேன்.

முதல் மாதமே போன் வந்தது. நான் யோசிக்காத ஒன்றைச் சொன்னாள்.

"மாமா, பேட்டரி தீர்றது பிரச்சினையில்ல. நிரப்பறதுதான் பிரச்சினை."

அவள் தங்கியிருந்த வீட்டில் முன்னறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். வீட்டுக்காரர்களின் மூன்று போன்களும் அதில்தான் சார்ஜ் ஆக வேண்டும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு இவள் முறை. லேப்டாப்பில் இருக்கும் இரண்டு பேட்டரியும் நிரம்ப இரண்டரை மணி நேரம் ஆகும். பையில் இருக்கும் மூன்றாவது பேட்டரியோ லேப்டாப்புக்குள் போனால்தான் நிரம்பும். வெளியே வைத்து நிரப்பத் தனிச் சார்ஜர் எதுவும் நாங்கள் வாங்கவில்லை. ஆக, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, ஒன்றை உருவி இன்னொன்றைச் சொருகிவிட்டுத் திரும்பப் படுப்பாள். நடுவில் கரண்ட் போனால் அந்தக் கணக்கும் போச்சு.

நான் வாழ்நாள் முழுக்க யுபிஎஸ் விற்ற இடத்தில் எல்லாம் பேக்கப் நேரத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். சார்ஜ் ஏற எவ்வளவு நேரம், எந்தப் பிளக்கில், யார் வீட்டில் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. நகரத்தில் அது தானாக நடக்கிற காரியம். மலையில் ராத்திரி பிளக்கும் கிடைத்து, கரண்டும் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எத்தனை வாட்-ஹவரை உள்ளே இழுத்து வைக்க முடியும் என்பதே முழுக் கேள்வியும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும் பேட்டரிகள் இரண்டு இருந்தாலும் மூன்று இருந்தாலும் இழுக்கும் வேகம் ஒன்றுதான்.

குறைந்த மின்னழுத்தம் பற்றியும் பயந்தாள். "லைட்டெல்லாம் மஞ்சளா எரியுது, சார்ஜர் போயிடுமா?" என்றாள். போகாது. லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் வகை. அந்த வோல்டேஜில் திணறுவது ஃபிரிட்ஜும் மோட்டாரும்தான்.

பீரோவில் இருந்த பேட்டரி

2022 ஏப்ரலில் களப்பணிக்கு இடைவெளி விட்டு வேலூருக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். வீட்டில் கரண்ட் உண்டு, கூடுதல் பேட்டரிக்கு வேலையில்லை. ஆ-வை லேப்டாப்பிலேயே விட்டுவிட்டு, நல்லதாச்சே என்று அ-வை முழுதாக நிரப்பி இரும்புப் பீரோவில் பத்திரப்படுத்தினாள். மாடி வீடு. மே மாதத்து வேலூர் வெயிலைச் சொல்லத் தேவையில்லை. 40 டிகிரியைத் தாண்டும். ஜூலை கடைசியில் எடுத்துப் போட்டபோது 58 காட்டிய அ 49 காட்டியது. நாலு மாதத்தில் ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தவில்லை.

லித்தியம் பேட்டரிக்கு ஓடினாலும் வயது ஏறும், சும்மா இருந்தாலும் ஏறும். சும்மா இருக்கும்போது அதை வேகமாகக் கிழமாக்குவது இரண்டு விஷயம்: முழுச் சார்ஜ், சூடு. இந்தத் துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஓர் அட்டவணை உண்டு. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருஷம் வைத்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதையே 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 65 சதவீதம்தான் மிஞ்சும். அந்தப் பீரோ இரண்டாவது வகை. பாதி சார்ஜில், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், வெறும் துணிப்பையில் வைத்திருந்தால் போதும். சொல்லாமல் விட்டது என் தப்பு.

உள் பேட்டரி விஷயமும் இதே கதைதான். வெளிப் பேட்டரி முதலில் தீருவதால் உள்ளே இருப்பது பெரும்பாலும் முழுதாக நிரம்பிய நிலையிலேயே, லேப்டாப்பின் சூட்டிலேயே இருக்கிறது. 80 சதவீதத்தில் நிறுத்து என்று வரம்பு வைக்க லெனோவோவின் வான்டேஜ் மென்பொருளில் வழி உண்டு. அதை 2023-இல்தான் வைத்தோம். அதற்குள் 24-இல் 17 ஆகியிருந்தது.

வேறு எந்த லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே மூடியிருக்கும் தட்டைப் பேட்டரி கெடும்போது உப்பும். டச்பேட் அழுத்த மறுத்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ உடனே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்து யாரும் அதைச் செய்துவிடாதீர்கள்.

எதிர்காலத்துக்கு இருக்கட்டும் என்று இன்றைக்கே பேட்டரி வாங்கி வைப்பதில் எனக்கு அன்றோடு நம்பிக்கை போனது. அரிசியை வாங்கி வைக்கலாம், புளியை வாங்கி வைக்கலாம். பேட்டரி அந்த ஜாதியில்லை. "பழைய மாடல் ஆச்சே, ஒரிஜினல் கிடைக்காம போயிடுமே" என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அப்படிக் கடையில் சீல் பிரிக்காமல் ஐந்து வருஷம் கிடந்த ஒரிஜினலும் உள்ளுக்குள் ஐந்து வயது ஏறியதுதான். பெட்டியில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்.

இரண்டாம் முறை

2024 ஆகஸ்டில் அடுத்தது வாங்கினோம். இந்த முறை கேள்வியைத் திருப்பிப் போட்டோம். எத்தனை பிளக், எவ்வளவு நேரம், யார் இடத்தில்? அவள் பட்டியல் தந்தாள்: தங்கும் வீட்டில் ஒரு பாயிண்ட், ராத்திரி மட்டும். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை, அங்கே பகலில் பிளக் இருக்கிறது, கடைக்காரர் தெரிந்தவர். வாரக் கடைசியில் போளூரிலோ வேலூரிலோ முழு வசதி.

பட்டியலைப் பார்த்ததும் பதில் தெரிந்துவிட்டது. லேப்டாப்பையும் அதற்குள் இருக்கும் ஆராய்ச்சியையும் டீக்கடையில் விட்டுவிட்டு வர முடியாது. பவர்பேங்கை விட்டுவிட்டு வரலாம்.

ஆகவே மூடிய பேட்டரி உள்ள புது லேப்டாப் ஒன்று: 14 அங்குலம், 57 வாட்-ஹவர், டைப்-சி வழியே சார்ஜ் ஆவது, 58,000 ரூபாய். பிராசஸர் புதிது என்பதால் அதே வேலைக்கு 6 வாட் சொச்சம்தான் குடித்தது. 57-ஐ ஆறால் வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். இயந்திரம் குடிப்பதைக் குறைத்தால் பேட்டரியைப் பெரிதாக்கிய பலன் கிடைக்கிறது, அதுவும் எடை கூடாமல். 2021-இல் நான் டேங்கையே பார்த்துக்கொண்டு மைலேஜைக் கவனிக்காமல் விட்டேன்.

பவர்பேங்கில் முதல் தடவை அவளே அவசரப்பட்டு வாங்கிவிட்டாள். 20,000 எம்ஏஎச், 22.5 வாட் என்று போட்டிருந்தது. போன் சட்டென்று நிரம்பியது. லேப்டாப்பில் சொருகினால் எந்தச் சலனமும் இல்லை. லேப்டாப்கள் பொதுவாக டைப்-சியில் கேட்பது 20 வோல்ட். 22.5 வாட் வகையில் பலவும் 12 வோல்டுக்கு மேல் ஏறாது. பெட்டியில் யுஎஸ்பி பவர் டெலிவரி, 20 வோல்ட், 3 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்க வேண்டும். 60 அல்லது 65 வாட் என்று விற்பது அதுதான். கேபிளும் இரண்டு முனையிலும் டைப்-சியாக இருக்க வேண்டும். ஒரு முனை பழைய அகலப் பிளக்காக இருக்கும் கேபிளில் பவர் டெலிவரியின் அந்த 20 வோல்ட் வராது. திருப்பிக் கொடுத்துவிட்டு 65 வாட் உள்ளதை 3,900 ரூபாய்க்கு வாங்கினாள்.

எம்ஏஎச் எண்ணில் மயங்குபவர்களுக்காக இந்தக் கணக்கு. 20,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்டில் சொல்வது. பெருக்கினால் 74 வாட்-ஹவர். அதை 20 வோல்டுக்கு ஏற்றும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும். கையில் வருவது 60 சொச்சம். லேப்டாப்பை அணைத்து வைத்து 5 சதவீதத்திலிருந்து முழுதாக நிரப்பிப் பார்த்தோம். நிரம்பி முடிந்தபோது பவர்பேங்கில் கடைசி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இதில் அவளே கண்டுபிடித்தது ஒன்று உண்டு. லேப்டாப் தீர்ந்த பிறகு பவர்பேங்கை மாட்டினால், மின்சாரம் லேப்டாப் பேட்டரிக்குள் ஏறி, திரும்ப அதிலிருந்து இறங்கி, இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக வீணாகிறது. லேப்டாப் முழுதாக இருக்கும்போதே பவர்பேங்கை மாட்டி நேரடியாக ஓட்டினால் அந்த வீண் பாதியாவது மிச்சம். முதலில் பவர்பேங்க், அது தீர்ந்த பிறகு உள் பேட்டரி என்பதுதான் இப்போது அவள் வழக்கம்.

மொத்தத்தில் 57-உம் 60-உம் சேர்ந்து 117. முந்தைய மூன்று பேட்டரிகளும் சேர்ந்து தந்த 118-க்கு அதே அளவு. பவர்பேங்கில் கிடைத்த வாட்-ஹவருக்கு ரூ. 65, அதுவும் முந்தைய 62-க்கும் 70-க்கும் நடுவில். வாட்-ஹவர் எண்ணை மட்டும் பார்த்தால் எதுவுமே மாறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாறியது நிரம்பும் விதம். ராத்திரி வீட்டில் லேப்டாப், பகலில் டீக்கடையில் பவர்பேங்க். இரண்டு மணி அலாரம் நின்றுவிட்டது. ரெக்கார்டரும் போனும்கூட அதிலேயே சார்ஜ் ஆகின்றன. டி480-இன் மூன்றாவது பேட்டரியால் பையில் கிடக்கும்போது ஒரு போனைக்கூட நிரப்ப முடிந்ததில்லை. நாளை லேப்டாப்பை மாற்றினாலும் பவர்பேங்க் கூடவே வரும்.

குறையும் உண்டு. மூடிய பேட்டரி தேய்ந்தால் அதை மாற்ற சர்வீஸ் சென்டரில்தான் நிற்க வேண்டும். லேப்டாப்புக்கு மூன்று வருஷ வாரண்டி போட்டாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். பில்லைப் படித்துப் பாருங்கள். முதல் நாளே 80 சதவீத வரம்பை வைத்துவிட்டோம், மலைக்குப் போகும் முந்தின ராத்திரி மட்டும் எடுத்துவிடுவாள்.

ஒரு கருத்தரங்குக்கு விமானத்தில் போனபோது எடுத்துப்போகலாமா என்று கேட்டாள். பவர்பேங்கும் கழற்றிய பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது. 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பவர்பேங்கில் 27,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய அந்த 100-இன் எல்லை. 30,000 எம்ஏஎச் வாங்க ஆசைப்படுபவர்கள் இதை யோசித்துக்கொள்ளலாம்.

ஊரிலேயே கரண்ட் நிலையாக இருந்து, வருஷத்தில் பத்து நாள் மட்டும் வெளியே போகிறவர்களுக்கு நான் இவ்வளவையும் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கூடுதல் எதுவுமே வேண்டாம். நாள் முழுக்கப் பிளக் இல்லாமல் சுற்றி, ராத்திரி நல்ல கரண்ட் உள்ள லாட்ஜில் தங்கும் சர்வேயருக்கோ நிருபருக்கோ டி480 போன்ற இரட்டைப் பேட்டரி இன்றும் சுகம்தான். அணைக்காமல் மாற்றுவதில் இருக்கும் வசதியைப் பவர்பேங்கின் தொங்கும் கேபிள் தராது. நல்ல வெளிப் பேட்டரி கிடைக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

டி480 இப்போது அக்கா வீட்டுக்காரரிடம் இருக்கிறது. சங்கத்துக் கணக்கு எழுத வைத்திருக்கிறார். அ அதில்தான் சொருகியிருக்கிறது, 60 சதவீத வரம்பில். ஆ-வின் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். குப்பைத்தொட்டியில் லித்தியத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது, பாவம் அந்தக் குப்பை லாரிக்காரர் என்ன செய்தார்?

நோட்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். டீக்கடைக்காரர் சார்ஜுக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறாராம். அதனால் பவர்பேங்கைக் கொடுக்கும்போது ஒன்று, திரும்ப வாங்கும்போது ஒன்று என்று தினம் இரண்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். அதையும் இயக்கச் செலவில் எழுதி வைத்தேன்.